வியாழக்கிழமை வரும் எண்: டிஆர்பி எப்படிக் கணக்கிடப்படுகிறது, எதனால் மாறுகிறது

தமிழ் நெடுந்தொடர்களைத் தயாரிக்கும் அலுவலகங்களில் வாரத்தின் மற்ற நாட்களுக்கு இல்லாத ஒரு பதற்றம் வியாழக்கிழமைக்கு உண்டு. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிந்த முந்தைய வாரத்தில் எந்தச் சேனலை, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை, தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) இந்தியா அமைப்பு வெளியிடும் நாள் அது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஒரு தொடரின் நேரம் மாற்றப்படுகிறது, சில சமயம் தொடரே முடித்துவைக்கப்படுகிறது, விளம்பரக் கட்டணம் பேசப்படுகிறது. டிஆர்பி, அதாவது தொலைக்காட்சி மதிப்பீட்டுப் புள்ளி என்ற பெயரில் இவ்வளவு முடிவுகளுக்கு ஆதாரமாக இருக்கும் இந்த எண் எண்ணிப் பெற்றதன்று. ஒரு சிறு மாதிரியைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. மதிப்பீடு என்பதாலேயே அது பொய் என்று ஆகிவிடாது. பெரும் கூட்டம் பார்க்கும் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அது நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் பார்வையாளர் கூட்டம் சிறியதாக ஆக ஆக அதன் உறுதி வேகமாகக் குறைகிறது என்பதும், டிஆர்பி பற்றிய சண்டைகள் பெரும்பாலும் அந்த உறுதியற்ற இடத்திலேயே நடக்கின்றன என்பதும் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை.

பார்க்கின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி. கணக்கெடுப்புக் கருவி பொருத்தப்பட்டவை 55,000-க்கும் சற்று மேற்பட்ட வீடுகள். அப்படியானால் சராசரியாக ஒரு கருவி வீடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் சார்பில் தொலைக்காட்சி பார்க்கிறது. நம்மில் பெரும்பாலோர் இப்படியொரு கருவியைக் கண்ணால் கண்டதில்லை என்பதில் வியப்பில்லை. கண்டவர்களும் வெளியில் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு இப்போதுள்ள வடிவத்துக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில், தேர்ந்தெடுத்த குடும்பங்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பார்த்ததை எழுதி வைக்கச் சொன்னார்கள். வார இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து குறிப்பேட்டை நிரப்புகிறவர் பிரபலமான நிகழ்ச்சியைப் பார்த்ததாக எழுதுவார். நள்ளிரவில் பத்து நிமிடம் பார்த்தது அவருக்கு நினைவில் இருக்காது. தனியார் சேனல்கள் பெருகியபின் கருவிகள் வந்தன. 1998 முதல் டாம் நிறுவனம் கணக்கெடுத்தது. அதன் கருவிகள் பத்தாயிரத்துக்கும் குறைவாக, நகரங்களில் மட்டுமே இருந்தன. கிராமம் கணக்கிலேயே இல்லை. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர முகமைகள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2010-இல் பதிவு செய்த பார்க், 2015 ஏப்ரலில் தன் முதல் கணக்கை வெளியிட்டது. அந்த அமைப்பின் உரிமையில் ஒளிபரப்பாளர்களின் பங்கு 60 விழுக்காடு, மற்ற இரு தரப்புக்கும் தலா 20 விழுக்காடு. அளக்கப்படுகிறவர்களே அளவுகோலின் பெரும்பங்கு உரிமையாளர்களாக இருப்பது சரியா என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை எழுந்துகொண்டிருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் கிராமப்புறக் கணக்கும் சேர்ந்தபோது நடந்தது கவனிக்கத்தக்கது. நகரத்துப் பட்டியலில் பெயரே அடிபடாத இலவச இந்திச் சேனல்கள் திடீரென முன்வரிசைக்கு வந்தன. ஒரே வாரத்தில் இந்தி மக்களின் ரசனை மாறிவிடவில்லை. அதுவரை எண்ணப்படாதவர்கள் எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான். டிஆர்பியில் காணும் ஏற்ற இறக்கத்தைப் படிக்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது, மாறியது பார்வையாளரா அல்லது எண்ணும் முறையா என்பதே.

இப்போதைய முறையின் அடிப்படை ஒலிக்குறி. வாட்டர்மார்க் என்று துறையினர் சொல்லும் அது, ஒவ்வொரு சேனலும் ஒளிபரப்புவதற்கு முன்பே நிகழ்ச்சியின் ஒலியில் கலந்துவிடப்படுகிறது. மனிதக் காதுக்குக் கேட்காது. எந்தச் சேனல், எந்த நேரம் என்ற விவரம் அதில் பொதிந்திருக்கும். வீட்டில் தொலைக்காட்சியோடு வைக்கப்பட்ட பார்-ஓ-மீட்டர் என்ற கணக்கெடுப்புக் கருவி அதைப் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறது. கேபிளில் வந்தாலும் டிடிஎச்சில் வந்தாலும், கேபிள்காரர் சேனலை எந்த எண்ணில் வைத்திருந்தாலும், குறி ஒன்றே. பழைய முறையில் கேபிள்காரர் அலைவரிசையை மாற்றினால் கருவி தடுமாறும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

ஆனால் சேனலைக் கண்டறிவது பாதி வேலைதான். தொலைக்காட்சிக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்பதைக் கருவி தானாக அறியாது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ரிமோட்டில் ஒரு பொத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கும் உண்டு. பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மீண்டும் அழுத்த வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொடர் ஓடிக்கொண்டிருக்க, அடுப்பில் தோசைக்கல்லும் கூடத்தில் தொலைக்காட்சியுமாக நடந்துகொண்டிருக்கும் ஒருவர், போகும்போதும் வரும்போதும் தவறாமல் பொத்தானை அழுத்துவார் என்ற நம்பிக்கையின் மேல்தான் பல ஆயிரம் கோடி ரூபாய் விளம்பர வணிகம் நிற்கிறது. கருவி வைத்த புதிதில் குடும்பம் கவனமாக இருக்கும், மாதங்கள் செல்லச் செல்லச் சலிப்பு வரும். ஒரே வீட்டை நெடுங்காலம் வைத்திருக்காமல் ஆண்டுதோறும் ஒரு பகுதி வீடுகளை மாற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை தனிக் கதை. முதலில் பெரிய அளவில் ஓர் அடிப்படை ஆய்வு நடக்கிறது. 2018-இல் ஏறத்தாழ 3 லட்சம் வீடுகளில் நடத்தப்பட்டது. எந்த மாநிலத்தில், எந்த அளவு ஊரில், எத்தகைய குடும்பங்கள் எத்தனை என்ற வரைபடம் அதிலிருந்து கிடைக்கும். கருவி வீடுகள் அதே விகிதத்தில் அமைய வேண்டும். அமையாத இடத்தில், குறைவாக உள்ள பிரிவினரின் பார்வைக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுக்கப்படும். குடும்பங்களை வகைப்படுத்த வருமானத்தைக் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வராது என்பது அனுபவம். அதற்குப் பதிலாக, முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், வீட்டில் உள்ள பொருட்களையும் பார்க்கிறார்கள். மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, கார் என்று போகும் 11 பொருட்களின் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. இதைக்கொண்டு ஏ1 முதல் இ3 வரை 12 படிநிலைகள்.

இனி எண்ணுக்கு வருவோம். டிஆர்பி 10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பேர் பார்த்தார்கள் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். அது சரியன்று. ஓர் அரை மணி நேர நிகழ்ச்சி. மொத்தம் 100 பேர். அவர்களில் 20 பேர் முழுவதும் பார்த்தார்கள், இன்னும் 20 பேர் பாதியில் வந்து 15 நிமிடம் பார்த்தார்கள் என்று வைத்துக்கொண்டால், நிகழ்ச்சி எட்டியது 40 பேரை. ஆனால் எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாகத் திரைமுன் இருந்தவர்கள் 30 பேர். டிஆர்பி என்பது அந்த 30. பார்த்தவர்களின் எண்ணிக்கையும் பார்த்த நேரமும் ஒன்றோடொன்று பெருகிக் கிடைக்கும் எண் அது. ஆகவே இருவேறு நிகழ்ச்சிகள் ஒரே டிஆர்பி பெற்றிருந்தாலும், ஒன்று பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகவும் மற்றொன்று சிலர் அசையாமல் உட்கார்ந்து பார்த்ததாகவும் இருக்கலாம். சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இந்த வேறுபாட்டைத்தான் தேடுவார். எட்டியவர்கள் அதிகம், நேரம் குறைவு என்றால் முன்னோட்டம் வேலை செய்திருக்கிறது, கதை வேலை செய்யவில்லை என்று பொருள். பார்க் இப்போது விழுக்காட்டைவிட நபர்களின் எண்ணிக்கையையே முன்னிறுத்துகிறது. இம்ப்ரெஷன் என்று வார அறிக்கையில் வருவது அதுதான். மக்கள் பேச்சில் டிஆர்பி என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரிக் கணிப்பை ஏற்காதவர்களுக்குப் பதிலாகப் பலரும் இதைச் சொல்வதுண்டு. ஒரே நெருப்பில் ஒரே நீரில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். நூறு பேரில் ஒருவர் மட்டும் பார்க்கும் சேனலை அளப்பது, பானைக்குள் கிடக்கும் கல்லை எண்ணுவது போன்றது. ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் தெரியாது. ஒரு நகரில் 1,000 பேர் மாதிரியில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நிகழ்ச்சியை 25 விழுக்காட்டினர் பார்ப்பதாக மாதிரி காட்டினால், உண்மை 22-க்கும் 28-க்கும் இடையில் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு உண்டு. வணிக முடிவு எடுக்க இது போதும். மாதிரி 1 விழுக்காடு என்று காட்டினாலோ, உண்மை 0.4-ஆகவும் இருக்கலாம், 1.6-ஆகவும் இருக்கலாம். அதாவது அதன் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நான்கு மடங்கு வேறுபாடு. அந்த 1 விழுக்காடு என்பது பத்தே பேர். வைகாசி முகூர்த்த நாளில் அவர்களில் மூவர் ஊருக்குப் போய்விட்டால், சேனலின் பார்வையாளர்கள் 30 விழுக்காடு சரிந்ததாக அறிக்கை சொல்லும்.

ஆங்கிலச் செய்திச் சேனல்கள், வணிகச் செய்திச் சேனல்கள், சிறிய இசைச் சேனல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. முதலிடம் எங்களுக்கே என்று ஒரே வாரத்தில் இரண்டு செய்திச் சேனல்கள் விளம்பரம் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இருவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும், மற்றவர் பெருநகரங்களில் உள்ள 22 வயதுக்கு மேற்பட்ட வசதியான ஆண்களை மட்டும், அதுவும் இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டும், எடுத்துக்கொண்டால் இருவருமே முதலிடம்தான். இப்படி அறுக்க அறுக்க ஒவ்வொரு துண்டிலும் எஞ்சும் மாதிரி வீடுகள் மிகச் சிலவாகிவிடும் என்பதை விளம்பரத்தின் அடியில் உள்ள பொடி எழுத்துகூடச் சொல்லாது.

மாதிரி சிறிதாக இருக்கும் இடத்தில் ஏமாற்றுவதும் எளிது. 2001-இல் மும்பையில் கருவி வைத்திருந்த வீடுகளின் பட்டியல் வெளியே கசிந்து, அன்றைய கணக்கெடுப்பின் மீதான நம்பிக்கையே ஆட்டம் கண்டது. 2020 அக்டோபரில், கருவி வீட்டார் சிலருக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னதாக மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்த வழக்கைத் திரும்பப் பெற 2024-இல் நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. வழக்கின் போக்கு எப்படியாயினும், அதை ஒட்டிப் பார்க் எடுத்த முடிவுகள் முக்கியமானவை. செய்திச் சேனல்களின் தனித்தனிக் கணக்கை அது 2020 அக்டோபரில் நிறுத்தியது. 2022 மார்ச்சில் மீண்டும் வெளியிடத் தொடங்கியபோது, வாரக் கணக்குக்குப் பதிலாக நான்கு வாரங்களின் நகரும் சராசரியைக் கொடுத்தது. நான்கு வாரத்தைச் சேர்த்தால் ஒரு வாரத்தின் தற்செயல் ஆட்டம் அடங்கும். அதே நேரத்தில், ஒரு பெரிய செய்தி நடந்த வாரத்தில் யார் முந்தினார்கள் என்பதை அந்தச் சராசரியில் பார்க்க முடியாது. உறுதி வேண்டுமா, உடனடி விவரம் வேண்டுமா என்பதில் ஒன்றைத்தான் பெற முடிந்திருக்கிறது.

மாதிரியின் குறைகளை ஒதுக்கிவிட்டு, எண் சரியாகவே அளக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதை ஏற்றி இறக்கும் காரணங்களில் நிகழ்ச்சியின் தரம் ஒன்று மட்டுமே. சேனல் வீட்டுக்குள் வருகிறதா என்பதே முதற்காரணம். இதற்கு 2019 மார்ச் மாதத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ் சேவையில் இருந்து பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் நான்கு தங்கள் இலவச இந்திச் சேனல்களை விலக்கிக்கொண்டன. அதுவரை நாட்டின் முன்னணிப் பட்டியலில் இருந்த அந்தச் சேனல்கள் சில வாரங்களில் அடையாளம் தெரியாமல் சரிந்தன. ஃப்ரீ டிஷ்ஷிலேயே தங்கிய தங்கல் என்ற சேனல், பழைய தொடர்களின் மறு ஒளிபரப்பைக் கொண்டே நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. எந்தக் கதாசிரியரும் மாறவில்லை. அடுத்த ஆண்டே விலகியவர்கள் திரும்பி வந்தார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தென் மாநிலங்களில் தொலைக்காட்சி இல்லாத வீடு அரிது. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளுக்கு அதில் பங்குண்டு. எல்லா வீட்டிலும் பெட்டி இருக்கும்போது போட்டி, பெட்டிக்குள் எங்கே இருக்கிறோம் என்பதற்கு நகர்கிறது. பொழுதுபோக்குச் சேனல்களின் வரிசையில் நான்காவதாக இருக்கும் சேனலை ரிமோட் எளிதில் தொடும். எண் எழுநூற்றைக் கடந்த சேனலைத் தேடிப் போக வேண்டும்.

இந்தப் போட்டியின் உச்சம்தான் லேண்டிங் பேஜ். செட்டாப் பாக்ஸைப் போட்டவுடன் தானாக முதலில் வரும் இடம் அது. பணம் கொடுத்து அந்த இடத்தைப் பிடிக்கும் சேனலை, வேறு சேனலுக்குப் போக நினைத்துப் பெட்டியைப் போடுகிற ஒவ்வொருவரும் சில நொடிகளாவது பார்த்தாக வேண்டும். கருவிக்கு மனத்தில் உள்ளது தெரியாது. ஒலிக்குறி வந்தால் பதிவு செய்யும். எட்டியவர்களின் எண்ணிக்கை குதிக்கும், பார்த்த நேரம் மட்டும் குறைவாக இருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 டிசம்பரில் இதைத் தடுக்க உத்தரவிட்டது. தொலைத்தொடர்பு வழக்குகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயம் 2019-இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கத்துக்கு மாறான தாவல்களைப் பிரித்தெடுத்து நீக்கும் கணக்கு முறைகளைப் பார்க் கையாண்டு வருகிறது. ஆனால் எது வழக்கத்துக்கு மாறானது என்று முடிவு செய்வதே புதிய சர்ச்சைக்கு இடமாகிறது. உண்மையாகவே மக்கள் திரண்டு பார்த்த வாரத்தையும் அந்த முறை வெட்டிவிட்டது என்று சேனல்கள் முறையிட முடியும்.

அடுத்தது, முன்னும் பின்னும் என்ன ஓடுகிறது என்பது. ஒரு தொடர் முடிந்ததும் ரிமோட்டைத் தேடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். வலுவான தொடருக்கு அடுத்த அரை மணி நேரம் கிடைப்பது ஒரு புதிய தொடருக்குப் பாதி வெற்றி. தமிழில் மகா சங்கமம் என்று இரண்டு தொடர்களின் பாத்திரங்களை ஒரே திருமணத்திலோ கோயில் திருவிழாவிலோ கொண்டுவந்து சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டுவது இந்தக் கணக்கை அறிந்தவர்கள் கண்ட உத்தி. மெலிந்த தொடரை வலுத்த தொடரோடு பிணைத்தால், ஒன்றின் பார்வையாளர் மற்றொன்றின் கதைக்குள் வந்துவிடுவார். இரண்டு வாரம் கழித்துச் சங்கமம் கலைந்தபின் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதே சோதனை. கதைப்படி அந்த இரு குடும்பங்களும் சந்திக்க எந்த முகாந்திரமும் இருக்காது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பருவமும் நாளும் அடுத்த காரணங்கள். ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரம் பங்கு போடப்படுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், முதன்முறையாக ஒளிபரப்பாகும் புதுப்படங்கள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அப்போது கிடைக்கும் எண்ணைக்கொண்டு எந்த நடிகர் பெரியவர் என்று ரசிகர்கள் சமூக வலைதளங்களில் வாரக்கணக்கில் மோதிக்கொள்வதுண்டு. எந்தச் சேனலில், எந்த நேரத்தில், எதற்கு எதிராகப் படம் போடப்பட்டது என்பவற்றை விட்டுவிட்டு அந்த எண்ணை ஒப்பிடுவதில் பொருள் அதிகமில்லை. 2020 ஊரடங்கின்போது படப்பிடிப்புகள் நின்று புதிய நிகழ்ச்சியே இல்லாத வாரங்களில், நாட்டில் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் சுமார் 40 விழுக்காடு வரை கூடியது. மார்ச் 28 முதல் மறு ஒளிபரப்பான பழைய ராமாயணத் தொடர் தூர்தர்ஷனை மீண்டும் முதலிடத்தில் உட்காரவைத்தது. வீட்டில் அடைபட்டுக் கிடந்ததுதான் அந்த வாரங்களின் டிஆர்பி.

பார்வையாளர் கூடினால் வருமானம் கூடும் என்பதும் முழு உண்மையன்று. விளம்பர முகமை கேட்பது, தான் தேடும் மக்களிடம் ஒரு டிஆர்பி புள்ளி பெற என்ன செலவாகிறது என்பதை. பத்து நொடி விளம்பரத்துக்கு 20,000 ரூபாய் வாங்கும் நிகழ்ச்சி 2 புள்ளி பெற்றால், ஒரு புள்ளியின் விலை 10,000 ரூபாய். சலவைத்தூள் நிறுவனத்துக்குக் குடும்பத் தலைவிகளின் புள்ளியும், கார் நிறுவனத்துக்கு மேல்தட்டு ஆண்களின் புள்ளியும் வேண்டும். எனவேதான் மொத்தக் கணக்கில் கடைசியில் நிற்கும் ஆங்கிலச் சேனல் நல்ல கட்டணம் பெறுவதும், இலட்சக்கணக்கான கிராமத்து வீடுகளில் ஓடும் சேனல் மலிவாக விற்கப்படுவதும் ஒரே சந்தையில் நடக்கின்றன.

எண்ணப்படாமல் நிற்பவையும் உண்டு. கருவி இருப்பது வீட்டில். தேநீர்க் கடையில் நின்று கிரிக்கெட் பார்ப்பவர்கள் வீட்டுக் கருவியின் கணக்கில் வரமாட்டார்கள். அதைவிடப் பெரிய விடுபடல் கைபேசி. இரவு ஒன்பது மணித் தொடரை அம்மா கூடத்தில் தொலைக்காட்சியில் பார்க்க, அதே அத்தியாயத்தை மகள் மறுநாள் காலை பேருந்தில் செயலியில் பார்க்கிறாள்; இருவரில் ஒருவர் மட்டுமே வியாழக்கிழமை எண்ணில் இருக்கிறார். செயலியின் கணக்கு அதை நடத்தும் நிறுவனத்திடம் இருக்கிறது. அது விரும்பியதை, விரும்பிய வடிவில் வெளியிடும். ஒரு தொடரின் டிஆர்பி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு மக்கள் தொடரையே கைவிட்டார்கள் என்று எழுதுவது இதனால்தான் அவசரமாகிறது.

மத்திய அரசு 2014 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் குறைந்தது 20,000 வீடுகளில் கருவி வேண்டும் என்றும், ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் கூட்டி 50,000-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் விதித்தன. 2025-இல் அரசு வெளியிட்ட வரைவுத் திருத்தங்கள், லேண்டிங் பேஜ் வழியாக வந்த பார்வையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றன. கருவி வீடுகளை முதலில் 80,000 ஆகவும் பின்னர் படிப்படியாக 1,20,000 ஆகவும் உயர்த்த வேண்டும் என்றன. இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது மாதிரிக் கணக்கின் ஒரு விதியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். வீடுகளை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாவதில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடே குறையும். பிழையைப் பாதியாக்க வீடுகள் நான்கு மடங்காக வேண்டும், செலவும் அதே அளவு ஏறும். மேலே சொன்ன 1,000 பேர் மாதிரி 2,000 ஆனபிறகும், 1 விழுக்காடு காட்டும் சேனலின் உண்மை அளவு 0.6-க்கும் 1.4-க்கும் இடையில் எங்கோதான் இருக்கும்.